மலைக்காட்சியும் மனித உழைப்பும்

நகரங்களில் ஐந்து நாள் உழைத்தவர்கள் ஆறாம் ஏழாம் நாட்களில் மலைகளை நாடிச் செல்வது மேலைநாடுகளில் இன்று பெருவழக்காகிவிட்டது. தனித்துச் செல்வோர் ஒருபுறமிருக்க, வழிகாட்டி ஒருவரின் தலைமையிற் பத்துப் பன்னிருவராகக் கூடி, கட்டணம் செலுத்தி, இரண்டு பகல் நடந்து, இடையில் ஓரிரவு தங்கித் திரும்பும் கூட்டுநடைகளும் பல நடைபெறுகின்றன. அவற்றுள் ஒருவகை நமது கவனத்துக்குரியது. கைவிடப்பட்ட சுரங்கங்களும் கற்குவாரிகளும் நிறைந்த மலைகளைத் தேர்ந்து, நடையின் இன்பத்தோடு தொழிலின் வரலாற்றையும் சேர்த்து வழங்கும் நடைகள் அவை. வட வேல்ஸில் உள்ள எரரி மலைகள் இவற்றுக்குப் பேர்போனவை. ஆங்கிலேயர் ஸ்னோடோனியா என்று வழங்கிய இம்மலைநாட்டுக்கு அதன் சொந்த வேல்ஸ் மொழிப் பெயரையே முதன்மையாக வழங்குவதென அங்குள்ள தேசியப் பூங்கா அதிகாரசபை 2022இல் தீர்மானித்தது.

பிறர் தமது மூச்சையும் எலும்பையும் கொடுத்து வெட்டிய இடத்தில் நாம் பொழுதுபோக்காக நடப்பது சரியா? வினாவை இவ்வாறு எழுப்பினால் விடை மிக எளிதாகிவிடுகிறது. கூடாது என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடலாம். அல்லது இறந்தவர்கள் இறந்துவிட்டார்கள், நடப்பதால் யாருக்கு என்ன நட்டம் என்று சொல்லிவிட்டுப் புறப்படலாம். இரண்டும் சிந்தனைக்கு விடுமுறை கொடுக்கும் விடைகளே. ஒரு மலையை அழகானது என்று நாம் சொல்லும்போது உண்மையில் எதைக் காண்கின்றோம், அவ்வழகு நமக்குப் புலப்படுவதற்கு யார் அங்கிருந்து அகல வேண்டியிருந்தது என்பதே கேட்கத்தக்க வினா.

சிலேட்டு என்றால் நமக்கு எண்ணும் எழுத்தும் பழகிய கரும்பலகையே நினைவுக்கு வரும். வேல்ஸ் மலைகளில் அது முதன்மையாகக் கூரைக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத்தொழில் பெருகி, இங்கிலாந்தின் நகரங்கள் வீங்கியபோது, அந்நகர்களின் வரிசை வரிசையான வீடுகள் எரரியின் சிலேட்டினாலேயே கூரை வேயப்பட்டன. கல்லை மெல்லிய ஏடுகளாகப் பிளப்பது இயந்திரத்துக்கு எளிதில் வசப்படாத கைவினை. உளியைக் கல்லின் பொருத்தில் வைத்து மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, அதன் ஓசையைக் கேட்டே பிளவு செல்லும் திசையை அறிந்த தொழிலாளர் அங்கே வாழ்ந்தனர். கூரைக்கற்களை அவற்றின் அளவுக்கேற்ப அரசி, இளவரசி, கோமாட்டி, சீமாட்டி எனப் பிரபுகுலப் பெண்களின் பட்டப் பெயர்களால் வழங்கினர். கந்தலுடுத்தவன் நாள் முழுதும் கோமாட்டிகளைச் செதுக்கினான் என்பதிலுள்ள நகைச்சுவையை அவனும் அறிந்தேயிருந்திருப்பான்.

வெட்டிய கல்லில் மிகச் சிறுபகுதியே கூரைக்கு உதவிற்று. ஒரு தொன் கூரைக்கல்லுக்குப் பத்துத் தொன் அளவிற் கழிவு விழுந்தது. அக்கழிவெல்லாம் மலைச்சரிவுகளிற் கொட்டப்பட்டுப் புதிய மலைகளாயிற்று. இன்று லான்பெரிஸ் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு, எலிடிர் மலையின் முகத்தைப் படிப்படியாக அறுத்தெடுத்த டினோர்விக் குவாரியும், அதன் அடியிற் சரிந்து கிடக்கும் நீலச்சாம்பல் நிறக் கற்குவியல்களும் தோன்றும். மழை நனைந்து வெயில் படும்போது அவை ஊதாவாக ஒளிர்கின்றன. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அழகின் ஒவ்வொரு துண்டும் ஒருவன் கையால் தூக்கி எறியப்பட்டது.

டினோர்விக்கில் உச்சநிலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களுக்குக் கூலி கிடைத்த முறை தனித்து நோக்கத்தக்கது. சுமார் ஆறு யார் அகலமுள்ள பாறைமுகம் ஒன்று மாதந்தோறும் சிறு குழு ஒன்றுக்கு ஒப்படைக்கப்படும். பாறையின் தரத்தைப் பார்த்து வீதத்தை நிர்ணயிப்பவர் நிருவாகத்தின் கண்காணி. நல்ல பாறைக்குக் குறைந்த வீதம், கெட்ட பாறைக்குக் கூடிய வீதம் என்பது கொள்கை. கண்காணியின் முகம் கோணாதிருத்தல் என்பது நடைமுறை. வெடிமருந்து, கயிறு, உளி தீட்டுங்கூலி ஆகியவற்றைக் குழுவினரே ஏற்க வேண்டும். இம்முறையின் கீழ்த் தொழிலாளி தன்னை வெறுங்கூலி என்று கருதவில்லை. ஒப்பந்தம் பேசும் சுதந்திர மனிதன் என்றே கருதினான். அச்சுயமரியாதை பொய்யான ஓர் ஒப்பந்தத்தில் வேரூன்றியதாயினும், அதிலிருந்து உண்மையான ஒரு பண்பாடு முளைத்தது. நண்பகலில் உணவருந்தக் கூடிய கற்குடிசைகளில் அவர்கள் அரசியலும் சமயமும் விவாதித்தனர். பாட்டுப்போட்டி, கவிதைப்போட்டி நடத்தினர். கூட்டக் குறிப்பேடுகளையும் எழுதிவைத்தனர். 1884இல் பாங்கரில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டபோது தம் கூலியிலிருந்து அதற்குப் பணம் கொடுத்தோரும் இவர்களே.

கூட்டுநடையினர் பெரும்பாலும் தவறாமல் நிற்கும் இடம் ஒன்று டினோர்விக்கிலே உண்டு. ஒன்றையொன்று நோக்கிய இரு வரிசைக் கல்லறைகள்; கூரை போய்ச் சுவர்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அங்கிள்சித் தீவிலிருந்து வந்த தொழிலாளர் வாரநாட்களில் தங்கிய இடம் அது. திங்கட்கிழமை விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, வாரத்துக்கு வேண்டிய உணவைச் சுமந்து வந்து, சனிக்கிழமை பிற்பகலில் திரும்பிச் செல்வர். குழாய்நீரோ மின்சாரமோ இல்லை. 1948இல் மனிதர் வாழத் தகாதவை எனச் சுகாதார அதிகாரிகளால் அவை மூடப்பட்டன. நடையினர் மலையேறிவருவது சனிக்கிழமை. அம்மனிதர் மலையிறங்கியதும் சனிக்கிழமையே. வார இறுதி என்ற ஒரே சொல் ஒருவனுக்கு மலையையும் மற்றவனுக்கு மலையிலிருந்து விடுதலையையும் குறித்தது. இந்தச் சுவர்களுக்கிடையே நின்று புகைப்படம் எடுக்கும்போது இதனை எத்தனை பேர் எண்ணிப்பார்க்கிறார்கள் என்பது தெரியவில்லை.

இனி, நம் வினாவுக்கு நேரடியாக வருவோம். 1949இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தேசியப் பூங்காச் சட்டத்தை நிறைவேற்றியது. 1951இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா அமைந்தது. அதன் வரைபடத்தைப் பார்ப்போர் ஒரு விந்தையைக் காண்பர்: பூங்காவின் நடுவே ஓர் ஓட்டை உள்ளது. பிளைனாய் பெஸ்தினியொக் என்னும் சிலேட்டு நகரமும் அதனைச் சூழ்ந்த கற்குவியல்களும் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. சுற்றிலும் இயற்கை, நடுவே மட்டும் இயற்கையல்லாத ஏதோ ஒன்று. டினோர்விக்கும் பெதெஸ்டாவும் ஓரத்திலிருந்தமையால் ஓட்டை போடாமலே வெளியே தள்ள முடிந்தது. (அதே பூங்காவினுள் 1965இல் திரௌஸ்பினித் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. சிலேட்டுக் குவியல் கெடுக்கும் காட்சியை அணு உலை கெடுக்காது போலும்!) அதே 1951இல் வேறொன்றும் நடந்தது. சிலேட்டுப் பணத்தினால் தடித்த பென்ரின் பிரபுக்களின் மாளிகை, நாட்டின் மரபுச் செல்வமாகத் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தது. முதலாளியின் மாளிகை மரபு. தொழிலாளியின் கற்குவியல் அசிங்கம். ஒரே ஆண்டு, ஒரே தொழில், இரண்டு தீர்ப்புகள்.

எழுபது ஆண்டுகளின் பின், 2021 யூலையில், யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலக்காட்சியை உலக மரபுரிமையாக அறிவித்தது. பென்ரினும் டினோர்விக்கும் பெஸ்தினியொக்கும் அதில் அடங்கின. 1951இல் மறைக்க வேண்டியிருந்த அதே குவியல் 2021இல் உலகுக்குக் காட்ட வேண்டியதாயிற்று. குவியல் மாறவில்லை, ஒரு கல்கூட நகரவில்லை. பின் எது மாறிற்று? டினோர்விக் 1969 ஓகஸ்டில் மூடப்பட்டது. மற்றக் குவாரிகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தூசியும் வெடியோசையும் தொழிற்சங்கமும் மறைந்தன. உழைப்பு நடைபெறும்வரை அது அசிங்கம். உழைப்பாளி போனபின் அது மரபு. இந்நூற்றாண்டின் ரசனை இப்படித்தான் இயங்குகின்றது என்று நான் கருதுகிறேன். கூட்டுநடையை ஒழுங்குசெய்வோர் அதனைப் படைக்கவில்லை, விற்கிறார்கள்.

இந்த ரசனைக்குத் தத்துவ ஆதாரமும் உண்டு. 1790இல் வெளிவந்த தமது நூலில் ஜேர்மானிய ஞானி கான்ட், அழகை உணரும் மனம் பயன் கருதாதது, பொருளின் இருப்பிற் பற்றற்றது என்று வாதித்தார். அச்சமூட்டும் பாறைகளும் புயலும் நமக்கு மாட்சியுடையனவாகத் தோன்றுவதற்கு நாம் ஆபத்துக்கு அப்பால் இருப்பது நிபந்தனை என்பதையும் அவர் மறைக்கவில்லை. தொடையிற் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பாறைமுகத்தில் தொங்கித் துளையிட்டவனுக்கு அந்த நிபந்தனை ஒருநாளும் நிறைவேறவில்லை. ஆகவே அவனிடம் அழகுணர்ச்சி இல்லை என்பதா, அல்லது அழகு பற்றிய அக்கோட்பாட்டில் அவனுக்கு இடமில்லை என்பதா? வேல்ஸ் எல்லைப்புறத்தில் புகையிரதச் சமிக்ஞையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த விமரிசகர் ரேமண்ட் வில்லியம்ஸ், நாட்டுப்புறமும் நகரமும் பற்றி 1973இல் எழுதிய நூலில், நிலக்காட்சி என்ற எண்ணமே விலகிநின்று நோக்குபவனுக்கு உரியது என்பதைச் சுட்டியுள்ளார்.

நம்முடைய பழைய இலக்கணத்தில் இந்த விலகல் இருக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது. தொல்காப்பியர் திணைக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது விலங்கோடும் மரத்தோடும் பறவையோடும் தொழிலையும் சேர்த்தே எண்ணினார். தினை விளைத்தலும் தேனெடுத்தலும் இல்லாத குறிஞ்சி அவருக்குக் குறிஞ்சியன்று. இதனாற் பழந்தமிழர் சமுதாயம் சமத்துவமானது என்று கொண்டாட வேண்டியதில்லை. மலையை மனிதரின்றி நினைப்பதே ஒரு காலத்தில் அரிதான செயலாயிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இங்கே முற்போக்காளர் சிலர் எழுப்பக்கூடிய ஓர் எதிர்வாதத்தை நான் ஏற்கமுடியாது. மலையேற்றம் வேலையற்ற வசதிபடைத்தோரின் சோம்பற் களியாட்டம், அதனைப் பற்றி ஒழுக்கவிசாரம் செய்வதே வீண் என்பர் அவர்கள். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1932 ஏப்ரல் 24ஆந் திகதி மான்செஸ்ரர்ப் பகுதி ஆலைத்தொழிலாளரும் இளைஞரும் சில நூற்றுவராகத் திரண்டு, பிரபுக்களின் வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்த கிண்டர் மலைமேட்டில் அத்துமீறி ஏறினர். பெனி ரொத்மன் உட்பட ஐவர் சிறை சென்றனர். சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938இல்தான் வந்தது. மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பரந்த அளவிற் சட்டமானது 2000ஆம் ஆண்டில். இன்று கட்டணம் செலுத்தி நடப்பவன் மிதிக்கும் பாதையும், அவனுக்குக் கிடைக்கும் சனிக்கிழமையும் உழைக்கும் வர்க்கம் போராடிப் பெற்றவை. அவன் மலைக்கு வருவது குற்றமன்று. அவனுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்ததென்பது சொல்லப்படாமலிருப்பதே குறை.

எனவே பொறுப்பு பெரிதும் வழிகாட்டியின் வாயில் தங்கியுள்ளது. இத்தகைய நடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்றுண்டு: ‘வாழ்க்கை மிகக் கடினமாக இருந்தது.’ இவ்வாக்கியத்தின் இலக்கணத்தை ஆராய வேண்டும். வாழ்க்கை என்பது எழுவாய். கடினமாக்கியவன் எங்கே? தூசி இருந்தது, விபத்து நேர்ந்தது, குவாரி மூடப்பட்டது என்று தொடரும் வருணனை முழுவதிலும் செய்தவன் மறைந்துவிடுகின்றான். கேட்போர் மனத்தில் இரக்கம் சுரக்கின்றது. இரக்கம் இனிய உணர்ச்சி. நடையின் இன்பத்தோடு அதுவும் ஓர் இன்பமாகச் சேர்ந்துவிடுகின்றது. இறந்தவர்களின் பேரால் எழுப்பப்பட்ட இரக்கம் ஒருவரையும் குற்றஞ்சாட்டாமல் மாலைநேர உணவுவரை நீடித்துக் கரைகின்றது.

எழுவாயைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன நிகழும்? பெதெஸ்டாவைப் பார்ப்போம். பென்ரின் குவாரியைப் பெருந்தொழிலாக வளர்த்த ரிச்சர்ட் பெனன்ட், ஜமேக்காவிற் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் உடையவர். அடிமை வாணிப ஒழிப்பைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர். எரரியிற் பாதையும் துறைமுகமும் அமைத்த மூலதனத்தில் ஆபிரிக்கரின் வியர்வை கலந்திருந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமைமுறை ஒழிந்தபோது, அவருடைய வாரிசுக்கு 764 மனிதரை விடுவித்தமைக்காக 14,683 பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு பென்னியும் இல்லை. அதே குடும்பத்துப் பிரபு, தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்ததனால் 1896-97இல் பதினொரு மாதம் குவாரி நின்றது. பின் 1900 நவம்பர் 22ஆந் திகதி சுமார் 2,800 தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு மலையிறங்கினர். மூன்றாண்டு அவர்கள் திரும்பவில்லை. 1901 யூனில் சில நூறு பேர் வேலைக்குத் திரும்பியபோது பிரபு அவர்கள் கையில் ஆளுக்கொரு பொற்காசு கொடுத்தார். அதன்பின் பெதெஸ்டாவின் வீட்டு யன்னல்களில் அச்சிட்ட அட்டைகள் தோன்றின. இவ்வீட்டில் துரோகி எவனுமில்லை என்று வேல்ஸ் மொழியில் அவை அறிவித்தன. அட்டை வைத்த வீடும் வைக்காத வீடும் ஒரே தெருவில் இருந்தன. பாடகர் குழுக்கள் இங்கிலாந்தெங்கும் சென்று பாடிப் பணம் திரட்டின. பலர் தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைப்புத் தேடிப்போயினர். 1903 நவம்பரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. தெருக்களின் பகை அடுத்த தலைமுறைக்கும் எஞ்சிற்று.

இதனைக் கேட்ட நடையினன் இரக்கப்படுவதோடு நின்றுவிட முடியாது. அவன் ஒரு பக்கத்தை எடுக்க வேண்டியவனாகிறான். குறைந்தபட்சம், அந்த அட்டையைத் தன் யன்னலில் வைத்திருப்பேனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள நேரிடும். பசித்த பிள்ளைகளோடு மூன்றாண்டு அதனை வைத்திருப்பது எளிதன்று. பொற்காசு வாங்கியவர்களையும் எளிதிற் கல்லெறிய முடியாது. ஒழுக்கவிசாரம் தொடங்கும் இடம் இதுவே. ‘வாழ்க்கை கடினமாக இருந்தது’ என்ற வாக்கியம் நம்மை அவ்விடத்துக்குச் செல்லவிடாமற் காக்கின்றது.

தூசியின் கதையும் அவ்வாறே. சிலேட்டுத் தூசி நுரையீரலில் உறைந்து மூச்சை அடைப்பதைத் தொழிலாளர் அறிந்திருந்தனர். குவாரி முதலாளிகளிடம் சம்பளம் பெற்ற மருத்துவரோ தூசியில் தீங்கில்லை, மணிக்கணக்கிற் காய்ச்சிக் கறுத்த தேநீரைக் குடிப்பதே நோய்க்குக் காரணம் என்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் அருந்திய தேநீரிற் பெரும்பகுதி இந்தியாவினதும் இலங்கையினதும் மலைகளிற் பறிக்கப்பட்டது. ஒரு மலையின் தொழிலாளியைக் கொன்ற பழி இன்னொரு மலையின் தொழிலாளி பறித்த கொழுந்தின்மேற் போடப்பட்டதென்பதை இலங்கை வாசகர் சற்று நின்று நோக்கலாம். முதலாளிகள் குவாரியை மூடிவிட்டுப் போனபின் நோயாளிகளுக்கு நட்டஈடு கொடுக்க ஒருவரும் எஞ்சவில்லை. 1979 மார்ச் 28ஆந் திகதி கலகன் அரசாங்கத்தின்மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தபோது, வேல்ஸ் தேசியக் கட்சியின் மூன்று உறுப்பினர், சிலேட்டுத் தொழிலாளருக்கு நட்டஈடு என்ற உறுதிமொழியின் பேரில் அரசாங்கத்தை ஆதரித்தனர். 311க்கு 310 என ஒரேயொரு வாக்கினால் அரசாங்கம் வீழ்ந்தது. எனினும் பாராளுமன்றம் கலையுமுன் அச்சட்டம் நிறைவேறிற்று. மூச்சுத்திணறும் கிழவர்களின் உரிமை ஒரு தொங்கு பாராளுமன்றத்தின் கடைசி நாட்களின் பேரத்தில் வந்து சேர்ந்தது. வழிகாட்டிக்கு இதனைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

பென்ரின் குவாரி முற்றாக ஓயவில்லை. அங்கே இன்றும் சிலேட்டு வெட்டப்படுகின்றது. 2013 முதல், அதன் பெருங்குழிக்கு மேலே நீண்ட இரும்புக் கம்பி ஒன்று கட்டப்பட்டு, உல்லாசப் பயணிகள் அதிற் குப்புறக் கிடந்து மணிக்கு நூறு மைலை எட்டும் வேகத்திற் பறக்கின்றனர். 2014இல் பெஸ்தினியொக்கின் நிலத்தடிக் குகை ஒன்றில் துள்ளிக் குதிப்பதற்கு வலைகள் கட்டப்பட்டன. இவற்றால் உள்ளூரில் வேலை உண்டாகிறது என்பது மெய். அவ்வேலையில் ஒருபகுதி பருவகாலத்துக்கு மட்டும் உரியதென்பதும் மெய். நூறு மைல் வேகத்தில் எதுவும் கண்ணிற் படாது. அந்த வகையிலாவது நடப்பவன் நல்லவன். மெதுவாகச் செல்கிறான், நிற்கக்கூடியவன், கேட்கக்கூடியவன்.

அவன் நின்று கேட்பானாயின் இறந்தவரைப் பற்றி மட்டுமன்றி உயிரோடிருப்போரைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கும். குவாரிகள் மூடியபின் இளைஞர் வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற சிறு கல்வீடுகளை, மலையை விரும்பிவந்த வசதியானவர்கள் விடுமுறை இல்லங்களாக வாங்கினர். வேல்ஸ் மொழி பேசுவோர் பெரும்பான்மையினராய் வாழும் குவினெத் மாவட்டத்தில் உள்ளூரவருக்கு வீடு எட்டாப் பொருளாயிற்று. 2023இல் அம்மாவட்ட சபை இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான வரிக்கு மேலாக 150 வீதம் மேலதிக வரி விதித்தது. ஞாயிறு மாலை நடை முடிந்து இறங்கும் கூட்டம் கடந்துபோகும் தெருக்களிற் சில யன்னல்கள் இருண்டிருக்கும். ஒருகாலத்தில் அட்டை வைத்த யன்னலும் அவற்றுள் இருக்கலாம். அவ்வீடுகள் யாருடையவை, ஆண்டில் எத்தனை நாள் அவற்றில் விளக்கெரிகிறது என்று வழிகாட்டியிடம் கேட்டால், அவன் அவ்வூர்க்காரனாயின், விடை அவனிடம் இருக்கும்.